இரண்டடி இடத்தில் உயிர்வேலி: மலையில் வீடு உள்ளவர்களுக்கு

எங்கள் வீடு கோத்தகிரியில், ரோட்டுக்குக் கீழே. நடந்து போகிறவர் யாராக இருந்தாலும் எங்கள் அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் நகர்வார். பத்து வருடத்துக்கு முன்னால், மலிவாகக் கிடைக்கிறதே, மளமளவென்று வளர்கிறதே என்று சாதாரண சைப்ரஸ் கன்றுகளை வேலியை ஒட்டி நட்டேன். வளர்ச்சியில் குறையில்லை; ஏழாவது வருடம் நடைபாதையையும் சேர்த்து விழுங்கிவிட்டது. ஆள் வைத்து, உள்ளே பழுப்புக் கட்டை தெரியும்வரை வெட்டினேன். வெட்டின பக்கம் இன்றுவரை துளிர்க்கவில்லை. சைப்ரஸ், அதற்குச் சொந்தக்காரச் செடியான தூஜா இரண்டுக்கும் இதுதான் குணம்: பச்சை உள்ள இடத்தில் கத்தரித்தால் துளிர் வரும், இலையில்லாத பழைய கட்டையில் கை வைத்தால் மொட்டைதான். அதனால் நர்சரியில் உயரத்தைக் கேட்கும் முன் அகலத்தைக் கேளுங்கள்.

முதல் வேலை அளவெடுப்பது. வேலியருகே ஒருவரை நீளமான மூங்கில் கழியோடு நிறுத்திவிட்டு, நீங்கள் ரோட்டில் போய் நின்று உங்கள் ஜன்னலைப் பாருங்கள். கழியை உயர்த்தச் சொல்லி, நுனி ஜன்னலை மறைக்கும் இடத்தில் அடையாளம் வையுங்கள். சமவெளியில் ஆறடி போதும். சரிவில் பத்தடிகூட ஆகலாம், சில இடத்தில் நாலடியே போதும்.

அடுத்தது பனி. ஊட்டி தாவரவியல் பூங்காவில் பனிக்காலத்தில் செடிகள் கருகாமல் இருக்க மிலார் என்னும் புதர்ச்செடியின் கிளைகளைப் போட்டு மூடி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் இடம் குளிர்காற்று வந்து தேங்கும் பள்ளமா, ஜனவரி காலையில் புல் வெள்ளையாகிறதா என்று கவனியுங்கள். மேட்டுப்பாளையத்தில் மதில் மதிலாக நிற்கிற நெட்டிலிங்கத்தைப் பார்த்து ஆசைப்படாதீர்கள், அது வெப்பத்துக்குப் பழகின மரம்.

சரி, எதை நடலாம்? என் ஓட்டு போடோகார்ப்பஸ் என்கிற, எப்போதும் பச்சையாக நிற்கும் மரத்துக்கு. மெதுவாகத்தான் வளரும், பொறுமை வேண்டும், ஆனால் பழைய கட்டையிலிருந்தும் துளிர்க்கும் என்பதால் இரண்டடி அகலத்துக்குள் அடக்கி வைக்கலாம். பென்சில் மாதிரி நிற்கும் இத்தாலியன் சைப்ரஸ் பார்க்க அழகு; நாள் முழுக்க வெயிலும் தண்ணீர் தேங்காத மண்ணும் இருந்தால் மட்டும் வாங்குங்கள். காமெலியா நம் தேயிலைக்குச் சொந்தக்காரச் செடி, புளிப்பான மலைமண் அதற்குப் பிடிக்கும், பூவும் தரும். மூங்கில் வேண்டுமென்றால் குத்தாக வளரும் ரகமா என்று இரண்டு தடவை கேளுங்கள், வேரோடும் ரகம் பக்கத்து வீட்டுக்காரர் தோட்டத்தில் முளைத்து சண்டை இழுக்கும். உண்ணிச்செடி மட்டும் வேண்டவே வேண்டாம், காட்டைப் பிடித்தது போதும்.

வேலியிலிருந்து இரண்டடி உள்ளே தள்ளி, இரண்டரை அடிக்கு ஒன்றாக நடுங்கள். முப்பதடி வேலிக்குப் பதின்மூன்று கன்று ஆகும். இரண்டு கூடுதலாக வாங்கி வைத்தால் பட்டுப்போனதற்கு மாற்றாகும். ஒன்றரை அடிக் குழி, தோண்டின மண்ணோடு மக்கின சாணி, அவ்வளவுதான். ஜூன் மழை தொடங்கியதும் நட்டுவிட்டால் பனிக்கு முன் வேர் பிடித்துவிடும். நாலடிக் கன்றுக்கு ஆசைப்படாதீர்கள், ஒன்றரை அடிக் கன்றுதான் சீக்கிரம் வேரூன்றும். காட்டுமாடு வரும் இடமென்றால் செடி வளர்ந்துவிட்டது என்று கம்பிவேலியைப் பிரித்துவிடாதீர்கள்.

கத்தரிப்பதை முதல் வருடமே ஆரம்பியுங்கள். பக்கவாட்டில் மட்டும், லேசாக. உச்சியை மூங்கிலில் வைத்த அடையாளத்தைத் தொடும்வரை விட்டுவிடுங்கள். அடிப்பக்கம் அகலமாகவும் மேலே கொஞ்சம் ஒடுக்கமாகவும் இருக்கட்டும், மேல்பகுதி குடை மாதிரி விரிந்தால் கீழே வெயில் படாமல் அடி காலியாகி, ரோட்டில் போகிறவருக்கு உங்கள் திண்ணையில் கிடக்கிற செருப்பெல்லாம் தெரியும்.