கையெழுத்து மட்டும் போதாது: தெருவில் வாழ்ந்து மீண்டவர்களுக்குக் கற்பிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர்ப் பேருந்து நிலையத்திலும் காட்பாடி ரயில் சந்திப்பின் வாசலிலும் பல ஆண்டுகள் படுத்துறங்கிவிட்டு, இப்போது தங்குமிடத்திலோ சிறு வாடகை அறையிலோ வாழத் தொடங்கியிருக்கும் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தர முன்வருபவர்கள் நல்ல மனத்தோடுதான் வருகிறார்கள். நானும் அப்படித்தான் சென்றேன். தொடக்கத்தில் நான் செய்த தவறுகளில் சில அவர்களுக்கு உண்மையாகவே தீங்கு செய்யக்கூடியவை என்பதைப் பின்னரே உணர்ந்தேன்.

அவற்றுள் பெரியது, கையெழுத்துப் போடக் கற்பித்ததோடு வேலை முடிந்தது என்று எண்ணுவது. "கைநாட்டு" என்று வாழ்நாள் முழுவதும் ஏளனம் கேட்டவர் தம் பெயரைத் தாமே எழுதும் நாளில் அவர் முகத்தில் தோன்றும் மலர்ச்சியைப் பார்த்தால், எந்த ஆசிரியருக்கும் அங்கேயே மனம் நிறைந்துவிடும். ஆனால் ரேகை வைப்பவருக்குப் படிக்கத் தெரியாது என்பது எதிரில் இருப்பவருக்குத் தெரியும். யாராவது படித்துக் காட்ட வேண்டும் என்ற எதிர்பார்ப்பாவது அங்கே இருக்கும். கையெழுத்துப் போட்டவரையோ, படித்துப் பார்த்துத்தான் ஒப்புக்கொண்டார் என்றே உலகம் கருதும். நேதாஜி மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் ஒருவர் ஒரு நாள் வந்து, "சார், நீங்க சொல்லிக்குடுத்த மாதிரியே போட்டுட்டு வந்தேன் சார்" என்று மகிழ்ச்சியோடு நகலை நீட்டினார். உடன் வேலை செய்பவர் வாங்கிய 15,000 ரூபாய்க் கடனுக்கு அவர் ஜாமீன் நின்றிருந்தார். அது அவருக்குத் தெரியாது. தெரியாமல் போனதற்கு நானே காரணம்.

அதன் பிறகு, கையெழுத்தையும் "கடன்", "வட்டி", "ஜாமீன்", "சம்மதம்" ஆகிய சொற்களையும் நான் பிரித்துக் கற்பிப்பதில்லை. தொகை எண்ணாலும் எழுத்தாலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பது, எண்ணுக்கு முன்னும் பின்னும் வெற்றிடம் இருந்தால் கோடிட்டு அடைக்கச் சொல்வது, நிரப்பாத படிவத்தில் கையெழுத்துப் போட மறுப்பது ஆகியவையும் பாடம்தான். "படிச்சுக் காட்டுங்க, அப்புறம் போடுறேன்" என்ற ஒரு வாக்கியத்தை உரக்கச் சொல்லிப் பழக வைக்கிறேன். தெருவில் வாழ்ந்தவர்களுக்கு அதிகாரத்தின் எதிரில் குரல் எழுவதில்லை. எழுத்தைவிட இதற்கே அதிக நாள் பிடிக்கிறது.

அடுத்த தவறு, குழந்தைகளின் பாடப் புத்தகத்தை அப்படியே கையில் எடுப்பது. 247 எழுத்துகளையும் வரிசையாக முடித்துவிட்டுத்தான் சொல்லுக்கு வர வேண்டும் என்றால், பலர் உயிரெழுத்து முடிவதற்குள் நின்றுவிடுவார்கள். அதைவிட வலிப்பது அந்தப் புத்தகங்களின் சொற்கள். "வீடு" என்று எழுதி, உங்கள் வீட்டைப் பற்றி இரண்டு வரி சொல்லுங்கள் என்று நான் கேட்டபோது, ஓர் அம்மா சிலேட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். குடும்பம், ஊர், எப்படித் தெருவுக்கு வந்தீர்கள் என்பவற்றை அவர்களாகப் பேசினால் கேட்கலாம். பாடத்தின் பெயரால் தோண்டக் கூடாது.

தொடங்குவதற்கு வேறு சொற்கள் நிறைய உண்டு. அவரவர் பெயர், பத்து இலக்கக் கைப்பேசி எண், காட்பாடியிலிருந்து பாகாயம் போகும் நகரப் பேருந்தின் பலகை ஆகியவை போதும். ஆனால் "பாகாயம்" என்று எழுதிக் காட்டும்போது, "பல்" என்ற சொல்லில் வரும் "ப" ஒலி வேறு, இந்த ஊர்ப் பெயரின் முதலெழுத்தை உச்சரிக்கும் ஒலி (ஆங்கில b போன்றது) வேறு என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஒரே எழுத்து இரண்டு ஒலி தருவது நமக்குப் பழகிப்போனது. புதிதாகக் கற்பவருக்கு, அதிலும் வீட்டில் உருதோ தெலுங்கோ பேசி வளர்ந்த இப்பகுதியினர் பலருக்கு, அது பெரிய குழப்பம். கணக்கிலோ அவர்கள் நம்மைவிடத் தேர்ந்தவர்கள். கூலியை மனக்கணக்காகப் போடுபவரிடம் ஒன்று, இரண்டு என்று விரல் மடக்கிச் சொல்லித்தருவது அவமதிப்பு. சில்லறையை எழுத்துக்கான வாசலாகக் கொள்ளலாம்: ரூபாய்த் தாளில் பதினைந்து மொழிகளில் மதிப்பு அச்சிட்டிருக்கும் கட்டத்தில், கீழிருந்து மூன்றாவது வரி தமிழ். நிறம் பார்த்தே தாளை அறிந்திருந்தவர் "பத்து ரூபாய்" என்று அந்த வரியைத் தேடிப் படிக்கும்போது, விடை முன்பே தெரிந்திருப்பதால் அச்சமின்றிப் படிக்கிறார்.

தமிழ் முழுவதும் வந்த பிறகுதான் ஆங்கில எழுத்து என்று பிடிவாதமாக இருப்பதும் சரியில்லை. மாத்திரை அட்டையில் மருந்தின் பெயரும் காலாவதி மாதமும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. மருந்துச் சீட்டில் 1-0-1 என்று இருந்தால் காலையும் இரவும் மட்டும் என்பதை முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடலாம்.

வயதான சிலர் சிறுவயதில் இரண்டு மூன்று வகுப்பு படித்திருப்பார்கள். அவர்கள் லை, னை ஆகியவற்றை யானைத் துதிக்கை போன்ற சுழியோடு எழுதினால் சிவப்பு மையால் அடித்துவிடாதீர்கள். 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன் பள்ளியில் சரியென்று கற்ற வடிவம் அது. "இதுவும் சரி, இப்போது இப்படியும் எழுதுகிறார்கள்" என்று புதியதைப் பக்கத்தில் எழுதிக் காட்டினால் போதும். மறதி என்று நாம் நினைப்பது பார்வைக் குறைவாகவும் இருக்கலாம். நாற்பதைத் தாண்டியவருக்குக் கண் பரிசோதனைக்கு முன் பாடம் தொடங்க வேண்டாம். வா, போ என்ற ஒருமையும் வேண்டாம். ஐயா, அம்மா, அண்ணா, அக்கா என்றே அழையுங்கள்.

வராத நாளுக்குக் கணக்குக் கேட்பதும் தவறு. விடியுமுன் மூட்டை இறக்கப் போகிறவருக்கு மாலை ஏழு மணி என்பது தூங்கும் நேரம். ஒவ்வொரு நாள் பாடமும் முந்தைய நாளைச் சாராமல் தனித்து நிற்க வேண்டும். குறிப்பேடு சட்டைப் பையில் அடங்கும் அளவில் இருக்க வேண்டும். அந்த மூட்டை தூக்கும் அண்ணன் மூன்று வாரம் கழித்து வந்தபோது, காரணம் கேட்காமல் பாய் விரித்தேன். பிளாஸ்டிக் கவரைப் பிரித்தார். ஆதார் அட்டைக்கும் ரேஷன் அட்டைக்கும் நடுவில் குறிப்பேடு இருந்தது; மார்க்கெட் சுவரொட்டியில் பார்த்த "ஏலம்" என்ற சொல்லை அதில் கோணலாக எழுதிவந்திருந்தார். அன்றைய பாடத்தை அதிலிருந்தே தொடங்கினோம்.