மசில் காரை நிறுத்தி வைக்காம ஓட்டப் போறீங்களா? இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

மசில் கார்னா 1960, 70-கள்ல பெரிய இன்ஜினோட வந்த அமெரிக்க கார். அதுல ஒண்ணான செவர்லே கம்பெனியோட 1969 கமாரோ இசட்/28-ல ஏன் 302 க்யூபிக் இன்ச் இன்ஜின் இருக்குன்னு யோசிச்சிருக்கீங்களா? அமெரிக்காவுல டிரான்ஸ்-ஆம்ங்கிற கார் ரேஸ்ல இன்ஜின் 305 க்யூபிக் இன்ச்சுக்கு மேல போகக்கூடாதுன்னு ரூல், அதுக்குள்ள அடங்கணும்னுதான் அந்த இன்ஜினையே செஞ்சாங்க, ரேஸ் டிரைவர் மார்க் டானஹியூ 1968, 69 ரெண்டு வருஷமும் கமாரோவுல அந்த ரேஸை ஜெயிச்சார். ரேஸுக்காகவே பொறந்த வண்டி அது, அதைப் போய் வருஷம் பூரா போர்வை போத்தி வெச்சு ஷோவுக்கு மட்டும் ட்ரெய்லர்ல ஏத்திட்டுப் போறதைப் பாத்தா எனக்கு மனசு கேக்கல.

ஓட்டாம வெச்சா வண்டி பத்திரமா இருக்கும்னு நினைக்கிறதுதான் முதல் தப்பு. கார்புரேட்டர்ல நிக்கிற பெட்ரோல் காஞ்சு பிசினா ஒட்டிக்கும், சீல் எல்லாம் காஞ்சுபோகும், பிரேக் ஆயில் ஈரத்தை இழுத்து உள்ளயே துரு பிடிக்கும். வாரம் ஒருதடவை அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி ஆஃப் பண்றவங்களும் இருக்காங்க, அதுவும் வேணாம், ஆயில் சூடாகறதுக்குள்ள நிறுத்திட்டா உள்ள சேர்ற தண்ணி ஆவியாகாம அப்படியே தங்கிடும். எடுத்தா அரை மணி நேரமாவது ரோட்ல ஓட்டுங்க.

அடுத்தது, ஓட்டலாம்னு முடிவு பண்ணவுடனே காசையெல்லாம் இன்ஜின்ல கொட்டுறது. 1970 செவர்லே செவெல் கார்ல வந்த எல்எஸ்6 454 இன்ஜின் கம்பெனி கணக்குலயே 450 குதிரைத்திறன், அதுக்கு மேல இன்னும் பவர் எதுக்குங்க? அந்தக் காலத்து மசில் கார் நிறையல நாலு வீல்லயும் டிரம் பிரேக்தான், ரெண்டு தடவை வேகத்துல இருந்து அழுத்திப் பிடிச்சா மூணாவது தடவை பெடல் இருக்கும் பிரேக் இருக்காது. 1967-க்கு முந்தின வண்டின்னா பெரும்பாலும் மாஸ்டர் சிலிண்டர் (பெடலை அழுத்தினா பிரேக் ஆயிலைத் தள்ளுறது) ஒரே சர்க்யூட், எங்கயாவது ஒரு பைப் ஒழுகுச்சுன்னா நாலு வீலுக்கும் சேர்த்து பிரேக் போச்சு. அதனால முதல் செலவு முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி சர்க்யூட் இருக்கிற டூயல் மாஸ்டர் சிலிண்டர், அப்புறம் முன்னாடி டிஸ்க், இன்ஜினெல்லாம் அதுக்குப் பிறகுதான்.

டயர்ல பட்டன் நல்லா இருக்கேன்னு ஏமாறாதீங்க. பக்கவாட்டுல கடைசி நாலு நம்பரைப் பாருங்க, 2309-னா 2009-ல 23-வது வாரம் செஞ்சது, அந்த டயரோட ரேஸ் பக்கமே போகாதீங்க. அந்தக் காலத்து பயாஸ் டயரைக் (உள்ள இழைங்க சாய்வா குறுக்கும் நெடுக்குமா போறது) கழட்டி இப்போதைய ரேடியல் டயர் போட்டா வீல் அலைன்மென்ட்டையும் மாத்தணும், ஃபேக்டரி புக்ல இருக்கிற அளவு பயாஸ் டயருக்கு எழுதினது, ரேடியலுக்கு பாசிட்டிவ் காஸ்டர் (முன் வீல் திரும்புற அச்சு பின்பக்கமா சாயுற கோணம்) கூடுதலா வேணும், இல்லன்னா ஹைவேல வண்டி இங்கயும் அங்கயும் அலையும்.

ஆயில்ல கஞ்சத்தனம் வேணாம். ஃப்ளாட் டாப்பெட் கேம் (வால்வைத் திறக்கிற தண்டு, அது மேல தட்டையான டாப்பெட் உரசும்) இருக்கிற பழைய இன்ஜினுக்கு ஜிங்க் அதிகமா இருக்கிற ஆயில்தான், இப்போதைய கார் ஆயில் ஊத்தினா கேம் தேஞ்சுடும். புது கேம்னா ஸ்டார்ட் ஆனதும் 2000 ஆர்பிஎம்-க்கு மேல ஒரு 20 நிமிஷம் வைக்கணும், ஐடில்ல விட்டுட்டு வேடிக்கை பாக்கக்கூடாது.

ரேடியேட்டர் ஃபேனைச் சுத்தி இருக்கிற ஷ்ரவுடைக் கழட்டிப் போட்டுட்டு டெட்ராய்ட் பக்கம் ஆகஸ்ட்ல நடக்கிற உட்வர்ட் ட்ரீம் க்ரூஸ்ங்கிற பழைய கார் ஊர்வலத்துக்கு வர்றவங்க கொதிச்சு ஓரம் கட்டத்தான் செய்வாங்க, ஊர்ந்து போற வண்டிக்கு அந்த ஷ்ரவுட்தான் காத்தை இழுத்துக் குடுக்குது.

இப்போ டிராக் ஸ்ட்ரிப், அதாவது நேர் ரோட்ல கால் மைல் ரேஸ் ஓட்டுற இடம். ரோட் டயரோட வர்றவங்க பர்ன்அவுட் தண்ணிக்குள்ள (ரேஸ் டயரைச் சுழல விட்டு சூடாக்க ஊத்தி வெச்சிருக்கிறது) ஓட்டிட்டுப் போறாங்க, பட்டன் இடுக்குல ஏறின தண்ணி ஸ்டார்ட் லைன்ல சொட்டி, உங்களுக்கும் வழுக்கும் பின்னாடி வர்றவருக்கும் வழுக்கும். தண்ணியைச் சுத்திப் போங்க. 1968-க்கு முந்தின வண்டி நிறையல இடுப்பு பெல்ட் மட்டும்தான் இருக்கும், தோள் பெல்ட் போடாம லைன்ல நிக்காதீங்க. டிராக் ரேஸ் நடத்துற அமெரிக்க அமைப்பான என்எச்ஆர்ஏ ரூல்படி கால் மைல் 13.99 செகண்டோ அதைவிட வேகமோன்னா ஹெல்மெட், 11.49-ஓ அதைவிட வேகமோன்னா ரோல் பார் (வண்டி கவுந்தா தலையைக் காப்பாத்துற இரும்புக் கம்பி). முதல் ரன்ல முழுசா மிதிக்காதீங்க, பாதி த்ராட்டில்ல போய், கடைசில பிரேக் எப்படிப் பிடிக்குதுன்னு பாத்துட்டு, வந்து கீழ குனிஞ்சு ஒழுகல் இருக்கா, வீல் நட் டைட்டா இருக்கான்னு பாருங்க.

வண்டியோட நம்பரோட பொருந்துற ஒரிஜினல் இன்ஜின் வெடிச்சிடுமோன்னு பயந்து ஓட்டாம இருக்கீங்கன்னா அந்த பிளாக்கைக் கழட்டி எண்ணெய் தடவி சுத்தி ஸ்டாண்ட்ல வைங்க, அதே அளவுல வேற ஒரு பிளாக்கைப் போட்டு ஓட்டுங்க, விக்கணும்னு தோணுற அன்னைக்கு ஒரு வார இறுதில பழையதை மாட்டிடலாம்.