சுவரில் ஒரு 212 கோடு: திருகோணமலையிலிருந்து கெபின் குரூ நேர்முகத் தேர்வுக்குத் தயாராவது

இது முதல்முறை விண்ணப்பிக்கிறவர்களுக்கான விளக்கம். விமானத்துக்குள் பயணிகளைக் கவனிக்கும் கெபின் குரூ வேலையை மனதில் வைத்து எழுதியது. செக்-இன் கவுண்டர் போன்ற தரை வேலைக்குப் போகிறவர்கள் உயரம் பற்றிய பகுதியை விட்டுவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொள்ளலாம்.

படி 1: முதலில் சுவர், பிறகு விண்ணப்பம்

எமிரேட்ஸ் கேட்பது குறைந்தது 21 வயது, 160 சென்டிமீட்டர் உயரம், நுனிக்காலில் நின்று 212 சென்டிமீட்டர் எட்டுவது. கட்டார் எயார்வேய்ஸும் 21 வயதையும் 212 சென்டிமீட்டர் எட்டுவதையும்தான் கேட்கிறது. ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸின் அளவுகளை அந்தந்த முறை வரும் விளம்பரத்தில் பாருங்கள். போன வருட விளம்பரத்தை நம்பிப் போகக்கூடாது.

212 ஏன்? இருக்கைகளுக்கு மேலே உள்ள பெட்டிகளில் பயணிகளின் பைகள் மட்டும் இருப்பதில்லை. ஒட்சிசன் சிலிண்டர், தீயணைப்புக் கருவி, முதலுதவிப் பெட்டி போன்ற அவசரப் பொருட்களும் அங்கேதான் இருக்கும். ஸ்டூல் தேட அந்த நேரத்தில் முடியாது.

வீட்டுச் சுவரில் அளவு நாடாவை நிலத்திலிருந்து நேராகப் பிடித்து 212இல் பென்சிலால் கோடு போடுங்கள். சப்பாத்தைக் கழற்றி, சுவரைப் பார்த்து நின்று, குதிகாலை உயர்த்தி, ஒரு தோளை மட்டும் மேலே தள்ளி எட்டுங்கள். இரண்டு கையையும் ஒன்றாக உயர்த்தினால் எட்டும் உயரம் குறையும், ஒரு பக்கம் சாய்த்தால் கூடும். துள்ளக்கூடாது. கோட்டில் விரல் நுனி பட்டு இரண்டு மூன்று விநாடி நிற்க வேண்டும். ஒரு சென்டிமீட்டர் போதாதவர்கள் கெண்டைக்கால், தோள் பயிற்சியைத் தினமும் செய்தால் சில வாரங்களில் பிடிக்கலாம். ஐந்து சென்டிமீட்டர் போதாது என்றால் பயிற்சியால் சரிவராது. தரை வேலைக்கு விண்ணப்பியுங்கள்.

இன்னொன்று: முதுகெலும்பின் இடைத்தட்டுகள் பகலில் அமுங்குவதால் மாலையில் உயரம் சுமார் ஒரு சென்டிமீட்டர் குறையும். இரவு முழுக்க பஸ்ஸில் குந்தியிருந்து வந்து நேரே அளவுக்கு நிற்பவர் இதை நினைவில் வைக்க வேண்டும். அரை மணித்தியாலமாவது நிமிர்ந்து படுத்துவிட்டுப் போங்கள்.

படி 2: பெயர்ப் பிரச்சினை

எங்கள் பக்கத்தில் அதிகம் இடறுவது ஆங்கிலத்தில் இல்லை, பெயரில்தான். சாதாரண தரச் சான்றிதழில் முதலெழுத்துகளோடு ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் தனியாக, கடவுச்சீட்டில் அதே தகப்பன் பெயர் குடும்பப் பெயராக. எழுத்துக்கூட்டலும் ஒரு இடத்தில் ‘டி’, இன்னொரு இடத்தில் ‘ரி’ என்று மாறியிருக்கும். இணைய விண்ணப்பத்தில் கடவுச்சீட்டில் உள்ள பெயரை அப்படியே, அதே வரிசையில் போடுங்கள். சீவியிலும் (சுயவிபரக் கோவை) அதே பெயர். சான்றிதழில் வேறுபாடு இருந்தால், இருவரும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி முடித்து வையுங்கள்.

கடவுச்சீட்டு இல்லாதவர்கள் முதலில் அதைச் செய்யுங்கள். பத்தரமுல்லைத் தலைமையகத்துக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. வவுனியாவிலும் அலுவலகம் இருக்கிறது, ஹொரவப்பொத்தானை வழியாகப் போய்விடலாம். தமிழில் உள்ள பிறப்புச் சான்றிதழுக்கு நிறுவனம் ஆங்கிலப் பிரதி கேட்டால், அது சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளருடையதாக இருக்க வேண்டும். தெருவோரக் கடையில் தட்டச்சு செய்து எடுத்தது செல்லாது.

படி 3: சீவி, ஒரு பக்கம்

உப்புவெளியிலோ நிலாவெளியிலோ ஒரு சீசன் ஹோட்டலில் வேலை செய்திருந்தால் அதுதான் உங்கள் பெரிய சொத்து. அதை மேலே போடுங்கள். பலர் அதைச் சின்ன வேலை என்று கடைசி வரியில் ஒளித்துவிடுகிறார்கள். எமிரேட்ஸ் போன்றவை கேட்கும் வாடிக்கையாளர் சேவை அனுபவம் என்பது இதுதானே. புடவைக் கடை, வங்கிக் கவுண்டர், மருந்தகம் எல்லாமே கணக்கில் வரும். ‘ஹோட்டலில் வேலை’ என்று எழுதாமல், எத்தனை அறை, எந்த நாட்டு விருந்தினர், எந்த மொழியில் கதைத்தீர்கள் என்று எழுதுங்கள். தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் தெரியும் என்றால் மூன்றையும் போடுங்கள்.

ஆயிரக்கணக்கில் காசு கட்டி ‘கெபின் குரூ கோர்ஸ்’ செய்யத்தான் வேண்டுமா? தேவையில்லை. தெரிவானவர்களுக்கு வாரக்கணக்கான பயிற்சியை நிறுவனமே கொடுக்கும். அந்தக் காசை ஆங்கிலம் கதைத்துப் பழகுவதற்குச் செலவழியுங்கள்.

படி 4: போய்ச் சேர்வது, உடுப்பு

திருகோணமலையிலிருந்து கொழும்பு சுமார் 260 கிலோமீட்டர். நேர்முகம் காலை எட்டு, ஒன்பது மணிக்கென்றால் முதல் நாளே போய் வெள்ளவத்தைப் பக்கம் தங்குங்கள். கட்டுநாயக்கவில் என்றால் குருநாகல் வழியாக நீர்கொழும்பு போய்த் தங்குவது லேசு. ஜக்கெட்டை மடித்துப் பையில் அமுக்காமல் ஹேங்கரில் உறையோடு கொண்டுபோங்கள்.

பெண்களுக்கு முழங்கால் வரை பாவாடை, ஜக்கெட், மூடிய சப்பாத்து, வலை போட்ட கொண்டை. ஆண்களுக்குச் சூட், ரை, மழித்த முகம். மூக்குத்தி, கையில் கட்டிய நூல், கலியாண வீட்டு மருதாணி மூன்றும் அன்றைக்கு இருக்கக்கூடாது. சீருடைக்கு வெளியே தெரியும் பச்சை குத்தல் இருந்தால் பெரும்பாலான நிறுவனங்கள் எடுக்காது. தலையை மூடி உடுக்கும் கிண்ணியா, மூதூர்ப் பிள்ளைகள் அந்த நிறுவனத்தின் சீருடைப் படத்தை முதலில் பார்த்து, தங்களுக்கு அது சரிவருமா என்று வீட்டில் கதைத்துவிட்டு விண்ணப்பிப்பது நல்லது. வேலை கிடைத்த பிறகு அந்தக் கதையை எடுத்தால் இரண்டு பக்கமும் கஷ்டம்.

படி 5: தேர்வு நாள்

வழமையான ஒழுங்கு இப்படி இருக்கும்: பதிவு, நிறுவனத்தைப் பற்றிய விளக்கம், சீவியைக் கொடுக்கும்போது ஒரு நிமிடப் பேச்சு, கை எட்டும் உயரத்தை அளப்பது, குழுப் பயிற்சி, ஆங்கில எழுத்துத் தேர்வு, இறுதி நேர்முகம். சில இடங்களில் இதற்கு முன்னரே காணொளியில் கேள்வி கேட்பார்கள். பெரும்பாலும் ஒவ்வொரு சுற்று முடிந்ததும் ஆட்களைக் குறைப்பார்கள். மாலையில் பஸ் பிடிக்கலாம் என்று நேரம் குறிக்காதீர்கள். இறுதிச் சுற்று மறுநாளும் நடக்கலாம்.

குழுப் பயிற்சிதான் பலரை வெளியே அனுப்புகிறது. ஒரு மாதிரி: ‘ஹோட்டலில் நான்கு அறைதான் இருக்கிறது, ஒன்பது பேர் காத்திருக்கிறார்கள், யாருக்குக் கொடுப்பது?’ கர்ப்பிணியா, வைத்தியரா, புதுமணத் தம்பதியா என்று பத்து நிமிடத்தில் முடிவெடுக்க வேண்டும். சரியான விடை என்று ஒன்று கிடையாது. தேர்வாளர்கள் பார்ப்பது நீங்கள் மற்றவரோடு எப்படி நடக்கிறீர்கள் என்பதை. முழுக்க நீங்களே கதைத்தாலும் தோல்வி, வாயே திறக்காவிட்டாலும் தோல்வி. இரண்டு தரம் தெளிவாகச் சொல்லுங்கள். பேசாமல் இருக்கும் ஒருவரின் பெயர் அட்டையைப் பார்த்து, பெயர் சொல்லி, அவர் கருத்தைக் கேளுங்கள். நேரம் எவ்வளவு மிச்சம் என்று ஒரு தரம் ஞாபகப்படுத்துங்கள். ‘அது பிழை’ என்று ஒருவரையும் வெட்டாதீர்கள்.

பெரியவர் முன்னால் கண்ணைத் தாழ்த்துவது எங்களுக்கு மரியாதை. அந்த மண்டபத்தில் அதைப் பயம் என்றோ ஒளிப்பு என்றோ எடுப்பார்கள். கண்ணைப் பார்த்து, பல் தெரியச் சிரித்துக் கதைக்க வீட்டிலேயே பழகுங்கள். கேள்வி விளங்கவில்லை என்றால் தலையாட்டி ‘யெஸ்’ சொல்லாமல் திருப்பிக் கேளுங்கள். கெபினில் விளங்காத அறிவுறுத்தலுக்குத் தலையாட்டுகிற ஒருவரை எவரும் விரும்பமாட்டார்கள்.

உச்சரிப்பில் வெள்ளைக்காரர் போல நடிக்க வேண்டாம். ஆனால் ‘ஃப்ளைட்’ என்பதை ‘ப்ளைட்’ என்றும், ‘ஸ்டேசன்’ என்பதை ‘இஸ்டேசன்’ என்றும் சொல்வதைத் திருத்தத்தான் வேண்டும். ஆங்கிலப் பத்திரிகையின் ஒரு பந்தியைத் தினமும் உரக்க வாசித்து, போனில் பதிவு செய்து கேளுங்கள். ஒரு வாரத்தில் எங்கே சறுக்குகிறது என்று உங்களுக்கே தெரியும்.

படி 6: இறுதி நேர்முகம்

இங்கே கேட்பது பெரும்பாலும் ‘இப்படி நடந்த ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லுங்கள்’ என்ற வகை. கோபமான வாடிக்கையாளர், சக ஊழியரோடு முரண்பாடு, நீங்கள் விட்ட பிழை. ‘நான் எப்போதும் பொறுமையாக இருப்பேன்’ என்பது விடை அல்ல. என்ன நிலைமை, உங்கள் பொறுப்பு என்ன, என்ன செய்தீர்கள், கடைசியில் என்ன ஆனது என்ற நான்கையும் இரண்டு நிமிடத்துக்குள் சொல்லுங்கள்.

உதாரணத்துக்கு: புறாத்தீவுக்குப் போக ஏழு மணிப் படகு, காற்றினால் நின்றுவிட்டது. இரண்டு பிள்ளைகளோடு வந்த குடும்பம் மறுநாள் ஊருக்குத் திரும்புகிறது, தகப்பன் வரவேற்பில் சத்தம் போடுகிறார். நீங்கள் அவரை முழுக்கப் பேசவிட்டீர்கள், ஏன் படகு போகாது என்று சொன்னீர்கள், காசைத் திருப்பி வாங்கிக் கொடுத்தீர்கள், கோணேஸ்வரத்துக்கும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கும் வேன் பிடித்தீர்கள். மாலையில் அவர் என்ன சொன்னார் என்பதோடு முடியுங்கள். உண்மையாக நடந்ததையே சொல்லுங்கள். இட்டுக்கட்டினால் ‘அப்போது மேலாளர் எங்கே?’ என்ற இரண்டாவது கேள்வியில் அகப்படுவீர்கள். இப்படி ஐந்து சம்பவங்கள் கைவசம் இருந்தால் போதும்.

‘ஏன் இந்த வேலை?’ என்றால் ‘உலகம் சுற்ற ஆசை’ என்று தொடங்காதீர்கள். ஒரு பெரிய விமானத்துக்குச் சான்றிதழ் கிடைக்க, பாதிக் கதவுகளை மட்டும் பயன்படுத்தி எல்லோரையும் 90 விநாடிக்குள் வெளியேற்ற முடியும் என்று காட்ட வேண்டும். அதைச் செய்விக்கிறவர்கள் கெபின் குரூ. இதை விளங்கியவர் போலக் கதையுங்கள். ‘ஏன் எங்கள் நிறுவனம்?’ என்பதற்கும் இரண்டு உண்மைகள் தேவை. ஸ்ரீலங்கன் என்றால் 1979இல் எயார் லங்காவாகத் தொடங்கியது, 2014இல் ஒன்வேர்ல்ட் என்ற விமான நிறுவனக் கூட்டணியில் சேர்ந்தது என்ற அளவுக்காவது தெரிந்திருங்கள்.

படி 7: அதற்குப் பிறகு

தெரிவானால் மருத்துவப் பரிசோதனை, பொலிஸ் நற்சான்றிதழ், வெளிநாட்டு நிறுவனமென்றால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு. எல்லாம் கையில் எழுத்துமூலம் வரும்வரை இருக்கிற வேலையை விடாதீர்கள். நேர்முகத்துக்கென்று காசு கேட்டால், அல்லது ஜிமெயில் முகவரியிலிருந்து வேலைக் கடிதம் வந்தால், அது மோசடி. ஏஜென்சிக்கு உரிமம் இருக்கிறதா என்று பணியகத்தின் 1989 இலக்கத்தில் கேட்கலாம்.

தெரிவாகாவிட்டால் காரணம் சொல்லமாட்டார்கள். அன்று கேட்ட கேள்விகளையும் எந்தச் சுற்றில் நின்றீர்கள் என்பதையும் திரும்பி வரும் ரயிலில், கல் ஓயாச் சந்தி வருவதற்குள் போனில் எழுதிவிடுங்கள். வீட்டுக்கு வந்து ஒரு நித்திரை போட்டு எழும்பினால் பாதி மறந்துவிடும்.