காரைக்குடியிலிருந்து மின்நிலைய சைட்டுக்கு: கட்டுமான மேலாளர் ஆகும் வழி

அந்தக் காலத்தில் பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போன பையன் முதலில் வட்டிக்கடையில் பணப்பெட்டி பக்கம், பெட்டியடியில் உட்கார்ந்து கணக்கு எழுதினான். பிறகு உதவியாளான அடுத்தாள் ஆனான், அதற்கப்புறம்தான் கடையை நடத்தும் மேலாள். மின்நிலையக் கட்டுமானத்திலும் படி ஏற வேண்டிய வரிசை இதுதான். சிவில் அல்லது மெக்கானிக்கலில் பி.இ., இல்லையென்றால் டிப்ளமோ வேண்டும். காரைக்குடி அழகப்பா செட்டியார் அரசு பொறியியல் கல்லூரியில் இரண்டு பிரிவுமே உண்டு. சைட் இன்ஜினியராகத் தொடங்கி மேலாளர் நாற்காலிக்கு வர, பொதுவாகப் பன்னிரண்டு, பதினைந்து வருஷம் பிடிக்கும்.

முதல் சில வருஷத்தை அலுவலகத்தில் கழிக்காதீர்கள். கான்கிரீட் போடும் இடத்திலேயே நில்லுங்கள். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 படி 16 முதல் 30 கன மீட்டர் வரை போட்டால் மூன்று மாதிரி எடுக்க வேண்டும், மாதிரிக்கு 150 மி.மீ. கியூப் (சோதனைக் கான்கிரீட் கட்டி) மூன்று. அன்றைக்கே தேதியும் இடமும் எழுதாத கியூப், 28 நாள் கழித்து உடைத்துச் சோதிக்கும்போது எந்தத் தூணுடையது என்று யாருக்கும் தெரியாது.

டர்பைன் அஸ்திவாரம் கிடைத்தால் விடாதீர்கள், அங்கே கற்கிற பாடம் வேறெங்கும் கிடைக்காது. இயந்திரத்தை அஸ்திவாரத்தோடு பிடிக்கும் ஆங்கர் போல்ட்டுகளை டெம்ப்ளேட் என்ற அச்சுச் சட்டத்தில் நிறுத்தியதும் சென்டர் லைனையும் லெவலையும் டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவுக் கருவி வைத்துப் பார்க்க வேண்டும். போல்ட்டைச் சுற்றியுள்ள ஸ்லீவ் குழாய்களின் வாயை அடைத்துவிடுங்கள். சிமென்ட் பால் உள்ளே இறங்கி இறுகினால், பின்னால் போல்ட்டைக் கொஞ்சம் அசைத்துப் பொருத்த முடியாது. கான்கிரீட் போடும்போது வைப்ரேட்டர் ஊசி இடித்தால் போல்ட் இடம் நகரும். அதனால் போடும்போதே நடுநடுவில் அளந்து, கான்கிரீட் இறுகுமுன் கடைசியாக ஒருமுறை பாருங்கள். இறுகிய பிறகு வளைத்துச் சரிசெய்ய நினைப்பது தப்பு. கான்கிரீட்டைத் துளைத்தெடுக்கும் கோர் கட்டிங்தான் கதி. மேல்தளத்தை இடைவிடாமல் போட்டாக வேண்டும். கான்கிரீட் கலக்கும் பேட்சிங் பிளான்ட் ஒன்று நின்றால் இன்னொன்று, மாற்று ஜெனரேட்டர், உபரி வைப்ரேட்டர் எல்லாம் முந்தின நாளே ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். நடுவில் நின்றால் பழைய கான்கிரீட்டும் புதியதும் ஒட்டாத கோல்டு ஜாயின்ட் விழும், அதிரும் இயந்திரத்தின் கீழ் அது ஆபத்து. சித்திரை வெயிலில் மாலையில் தொடங்கி, கலவைத் தண்ணீரில் ஒரு பகுதிக்குப் பதிலாக ஐஸ் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சிவில் படித்தவர்களும் வெல்டிங் தெரிந்துகொள்ள வேண்டும். இ7018 வெல்டிங் ராடு ஈரத்தை இழுக்கும். தயாரிப்பாளர் சொன்ன சூட்டில் அடுப்பில் காயவைத்து, குவிவர் என்ற கையடக்கச் சூட்டுப்பெட்டியில் சூடாகவே வெல்டரிடம் தர வேண்டும். ஈர ராடில் ஹைட்ரஜன் உள்ளே போய், சில மணி நேரமோ சில நாளோ கழித்து விரிசல் விடும். உடனே எடுத்த எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகலாம். பி91 என்ற உலோகக்கலவை நீராவிக் குழாயில் வெல்டுக்குப் பின் சுமார் 760 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றும்போது வெப்பநிலைச் சார்ட்டை நீங்களே வாசித்துக் கையெழுத்திடுங்கள்.

மேலாளர் ஆன பிறகு பாதி வேலை காகிதம்தான். அளவுத்தாளில் இரு தரப்பும் அன்றன்றே கையெழுத்திட வேண்டும், அது இல்லாமல் ஆர்.ஏ. பில் (வேலை நடக்க நடக்கப் போடும் இடைக்கால பில்) நகராது. வரைபடம் தாமதமானாலும், இடம் கைக்கு வராவிட்டாலும் ஹிண்ட்ரன்ஸ் ரிஜிஸ்டரில் (தடைப் பதிவேட்டில்) தடை தொடங்கிய தேதி, முடிந்த தேதி, இருவர் கையெழுத்து இருக்கட்டும். காலநீட்டிப்புக் கேட்கும்போது கையில் அதுதான் முக்கிய ஆதாரம். இல்லையென்றால் தாமத அபராதம் உங்கள் தரப்பிலிருந்து பிடிக்கப்படும்.

நிறைய பேர் வேலை செய்யும் பெரிய சைட்டில் பாதுகாப்பு அதிகாரி சட்டப்படி கட்டாயம். ஆனாலும் பரிசோதித்து ஏறலாம் என்று கட்டும் பச்சை டேக் இல்லாத சாரத்தில் ஆள் ஏறினால், அதைக் கண்டவுடன் இறக்கிவிட வேண்டியவர் நீங்கள்தான்.