கடைசி இடத்து அணிக்குக் கோடைத் திட்டம் போடுவது எப்படி: ஷார்க்ஸ் அணியை வைத்து ஒரு பயிற்சி

சான் ஹோசே ஷார்க்ஸ் 2023-24 சீசனில் எடுத்தது 47 புள்ளிகள். அடுத்த சீசனில் 52. இரண்டு முறையும் வட அமெரிக்க ஐஸ் ஹாக்கிப் போட்டியான நேஷனல் ஹாக்கி லீக்கின் 32 அணிகளில் கடைசி இடம். இப்படி ஓர் அணியை நேசிப்பவர்களுக்கு ஆட்டம் நடக்கும் மாதங்களைவிட ஆட்டம் இல்லாத கோடைதான் பெரியது. யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது, யாரை வாங்குவது என்று நாமே ஒரு திட்டம் போட்டுப் பார்க்கலாம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் முடிந்துபோன ஒரு கோடையில் பழகுவது நல்லது. விடை கையில் இருக்கும். அதனால் இப்போது 2025 ஏப்ரல் என்று வைத்துக்கொள்வோம். பொது மேலாளர் மைக் க்ரியரின் நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

முதல் படி: கட்டம் வரையுங்கள்

கோடு போட்ட நோட்டும் பென்சிலும் போதும். இடப்பக்கம் மேலிருந்து கீழாக 23 வரிகள். ஓர் அணி சீசனில் வைத்திருக்கக்கூடிய அதிகபட்ச எண்ணிக்கை அதுதான். ஆட்டத்தன்று உடை அணிபவர்கள் 20 பேர்: முன்கள வீரர்கள் 12, தடுப்பு வீரர்கள் 6, கோல்கீப்பர்கள் 2. மேலே இடமிருந்து வலமாக ஆண்டுகள்: 2025-26 தொடங்கி 2029-30 வரை. ஒவ்வொரு வீரருக்கும் ஒப்பந்தம் எந்த ஆண்டுவரை ஓடுகிறதோ அதுவரை கட்டங்களை நிரப்பி, உள்ளே ஆண்டுச் சராசரிச் சம்பளத்தை எழுதுங்கள்.

பெரும்பாலானவர்கள் பெயர்ப் பட்டியலோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆண்டுகள் இல்லாத பட்டியல் ஆசைப் பட்டியல் மட்டுமே.

இரண்டாம் படி: சிவப்புக் கோடு

இந்த முழுப் பயிற்சியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. அணியின் மிகச் சிறந்த இளைஞரின் முதல் ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று பாருங்கள். 2024 டிராஃப்டில் (அணிகள் முறைவைத்து இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) முதல் ஆளாக எடுக்கப்பட்ட மேக்லின் செலிப்ரினி, தன் அறிமுக சீசனில் 70 ஆட்டங்களில் 63 புள்ளிகள் (அடித்த கோலும் உதவிய கோலும் சேர்த்து) எடுத்தார். அவருடைய மூன்றாண்டு ஒப்பந்தத்தின் அடிப்படைச் சம்பளம் ஊக்கத்தொகை நீங்கலாக ஆண்டுக்கு 9.75 லட்சம் டாலர்தான். அது 2027 கோடையில் முடிகிறது. அவரோடு அதே ஆண்டு ஆடத் தொடங்கிய வில் ஸ்மித்தின் ஒப்பந்தமும் அதே கோடையில் முடிகிறது. இருவருக்கும் ஒரே நேரத்தில் பெரிய சம்பளம் கொடுக்க வேண்டிவரும்.

2026-27 கட்டத்துக்கும் 2027-28 கட்டத்துக்கும் நடுவே மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு இழுங்கள். இனி எந்த முடிவுக்கும் ஒரே கேள்விதான்: இந்த ஒப்பந்தம் கோட்டைத் தாண்டுகிறதா?

பழைய சுமைகளையும் இதே கண்ணால் பாருங்கள். எரிக் கார்ல்சனைப் பிட்ஸ்பர்க்குக்கு அனுப்பியபோது அவர் சம்பளத்தில் ஷார்க்ஸ் தன் தலையில் வைத்துக்கொண்ட ஆண்டுக்கு 15 லட்சம் டாலர் 2027இல் முடிகிறது. கேப்டன் லோகன் கூட்டூரின் 80 லட்சமும் அதே ஆண்டு முடிகிறது. அதேபோல் வேறு அணிக்கு அனுப்பிய தோமாஷ் ஹெர்ட்டலுக்காகச் சுமக்கும் பங்கு மட்டும் 2030 வரை இழுக்கிறது. முன்கள வீரர் டைலர் டொஃபோலியின் 60 லட்சம் கோட்டை ஓராண்டு தாண்டுகிறது. வேறு பெரிய பழைய கடன் வலப்பக்கம் இல்லை.

கூட்டூரின் வரியில் நான் சற்று நேரம் நின்றுவிட்டேன். ஷார்க்ஸுக்காக மட்டுமே 933 ஆட்டங்கள் ஆடியவர். இடுப்புக் காயத்தால் 2023-24இல் ஆறு ஆட்டங்களோடு நின்று, 2025 ஏப்ரலில் இனி ஆட முடியாது என்று அறிவித்தார். சம்பளக் கட்டத்தில் அவர் பெயரை வைத்துக்கொண்டே, ஆட்ட வரிசையில் நடு இடத்திலிருந்து அதை அழிக்க வேண்டும். எனக்கு மனம் வரவில்லை, இருந்தாலும் அழித்தேன்.

மூன்றாம் படி: இரண்டு வரம்புகள்

2025-26க்கு ஓர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு 9.55 கோடி டாலர். கீழ்வரம்பு 7.06 கோடி. பட்டத்துக்குப் போராடும் அணிகளுக்கு மேல்வரம்பு தலைவலி. மறுகட்டமைப்பில் இருக்கும் அணிக்கோ கீழ்வரம்புதான் கவலை, ஏனென்றால் இளைஞர்கள் எல்லோரும் மலிவானவர்கள். கூட்டிப் பாருங்கள், கீழ்வரம்பைத் தொடவே பணம் செலவழிக்க வேண்டியிருக்கும்.

நான்காம் படி: காலி இடத்தை விற்பது

அந்தக் காலி இடம்தான் உங்கள் நாணயம். இதற்கு நான் எப்போதும் காட்டும் எடுத்துக்காட்டு ஜேக் வால்மன். 2024 ஜூனில் டெட்ராய்ட் தன் சம்பளப் பட்டியலைக் குறைக்க விரும்பியது. ஆண்டுக்கு 34 லட்சம் டாலர் வாங்கும் அந்தத் தடுப்பு வீரரையும், கூடவே ஓர் இரண்டாம் சுற்று டிராஃப்ட் வாய்ப்பையும் ஷார்க்ஸிடம் கொடுத்தது. ஷார்க்ஸ் பதிலுக்கு எந்த வீரரையும் கொடுக்கவில்லை. 2025 மார்ச்சில் அதே வால்மனை எட்மன்டனுக்கு அனுப்பி, நிபந்தனையோடு கூடிய ஒரு முதல் சுற்று வாய்ப்பை வாங்கினார் க்ரியர். ஒன்பது மாதத்தில், கூலி வாங்கிக்கொண்டு ஏற்ற பொருளையே விற்று இன்னொரு லாபம். உங்கள் திட்டத்தில் இப்படி ஒரு வரியாவது இருக்க வேண்டும்.

பிற அணிக்கு அனுப்பும் வீரரின் சம்பளத்தில் பாதிவரை நாமே ஏற்கலாம். ஆனால் ஒரே நேரத்தில் மூன்று பேருக்குத்தான் அப்படிச் செய்ய முடியும். கார்ல்சனும் ஹெர்ட்டலும் இரண்டு இடங்களை அடைத்துக்கொண்டிருக்கிறார்கள். மிச்சம் இருப்பதை அவசரப்பட்டு ஜூலையில் செலவழிக்காதீர்கள். மார்ச் மாதப் பரிமாற்றக் கெடுவின்போது அதற்குத்தான் விலை ஏறும்.

ஐந்தாம் படி: இளைஞர்கள்

டிராஃப்ட் வரிசையை முடிவு செய்யும் மே மாதக் குலுக்கலில் ஷார்க்ஸுக்குக் கிடைத்தது இரண்டாம் இடம். எடுத்தது மைக்கேல் மீசாவை. ஜூனியர் அணியான சாகினாவுக்காக ஒரே சீசனில் 134 புள்ளிகள் குவித்த நடுக்கள வீரர். தடுப்பில் சாம் டிக்கின்சன், 2024இல் 11ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர்.

இங்கே தொடக்கக்காரர்கள் தவறுகிற ஒரு விதி இருக்கிறது. கனடிய ஜூனியர் லீக்கிலிருந்து வரும் இவர்களை, 2025 கோடையின் விதிப்படி, இந்த வயதில் துணை அணியான பாரகூடாவில் விட்டுப் பழக்க முடியாது. பெரிய அணி, இல்லையென்றால் மீண்டும் ஜூனியர். பெரிய அணியில் பத்தாவது ஆட்டத்தைத் தொட்டால் ஒப்பந்தத்தின் முதல் ஆண்டு எரியத் தொடங்கிவிடும், அதாவது கணக்கில் ஏறிவிடும். ஆகவே இவர்கள் பெயரைப் பென்சிலால் மெலிதாக எழுதுங்கள். தடுப்பில் ஓர் இடம், முன்களத்தில் ஓர் இடம் காலியாக விட்டால் போதும்.

ஆறாம் படி: ஜூலை 1 சந்தை

ஒப்பந்தம் முடிந்த வீரர்கள் விரும்பிய அணிக்குப் போகும் சந்தை இது. 2025 கோடையின் பெரிய பெயர் மிட்ச் மார்னர். அவரை ஷார்க்ஸின் நீலப்பச்சைச் சட்டையில் பார்க்கும் ஆசை எனக்கும் இருந்தது. கட்டத்தில் எழுதிப் பாருங்கள். வேகாஸ் அவருக்குக் கொடுத்தது எட்டு ஆண்டு, ஆண்டுக்கு 1.2 கோடி. ஒப்பந்தம் முடியும்போது அவருக்கு 36 வயது. சிவப்புக் கோட்டைத் தாண்டி ஆறு ஆண்டுகள், செலிப்ரினியின் உச்ச ஆண்டுகள் அத்தனையின் மீதும் அந்தத் தொகை. அழித்துவிடுங்கள்.

அதற்குப் பதில் ஓரிரு ஆண்டுக்கு வரும் அனுபவசாலிகளைத் தேடுங்கள், முக்கியமாகத் தடுப்பில். ஆண்டு குறைவு என்பதற்காகத் தொகையைச் சற்றுத் தாராளமாகக் கொடுக்கலாம். இடம் கிடக்கிறது, கோடும் தாண்டாது.

விடை சரிபார்ப்பு

க்ரியர் செய்தது இது. ஜூனில் அணியின் மூத்த தடுப்பு வீரர் மார்க்-எட்வார்ட் விளாசிக்கின் மிச்ச ஒப்பந்தத்தைப் பணம் கொடுத்து முடித்தார். இந்த முறையில் மீதிச் சம்பளத்தில் பொதுவாக மூன்றில் இரண்டு பங்கு, எஞ்சிய ஆண்டுகளைப் போல் இரு மடங்கு காலத்துக்குப் பரவும். அவருக்கு எஞ்சியிருந்தது ஓர் ஆண்டு. ஆக, 2027இல் தீரும். பிறகு மூன்று தடுப்பு வீரர்களை எடுத்தார். டிமித்ரி ஓர்லோவ் இரண்டு ஆண்டு, ஆண்டுக்கு 65 லட்சம்: அதுவும் 2027. ஜான் கிளிங்பெர்க் ஓர் ஆண்டு, 40 லட்சம். செயின்ட் லூயிஸ் வேண்டாமென்று விட்ட நிக் லெடி, மிச்சம் ஓர் ஆண்டு. செப்டம்பரில், 2022 ஏப்ரலுக்குப் பிறகு ஆடாத கோல்கீப்பர் கேரி பிரைஸின் 1.05 கோடி ஒப்பந்தத்தை மான்ட்ரியலிடமிருந்து ஏற்று, ஓர் ஐந்தாம் சுற்று வாய்ப்பையும் சேர்த்து வாங்கினார். கீழ்வரம்புக் கணக்கு ஒரே வரியில் தீர்ந்தது. அந்த ஒப்பந்தத்துக்கும் ஓர் ஆண்டுதான் ஆயுள். மீசாவும் டிக்கின்சனும் பெரிய அணியோடு சீசனைத் தொடங்கினார்கள்.

இந்தப் பெயர்களை உங்கள் கட்டத்தில் ஏற்றிப் பாருங்கள். அந்தக் கோடையில் வெளியிலிருந்து எடுத்த இவற்றில் ஒன்றுகூடச் சிவப்புக் கோட்டைத் தாண்டவில்லை. முதன்முதலில் இதை வரைந்து பார்த்தபோது, இரண்டு ஆண்டுகளாகக் கடைசியில் கிடந்த அணிக்குள் இவ்வளவு பொறுமையான ஒரு கணக்கு இருப்பதைக் கண்டு மகிழ்ந்து போனேன். பெயர்களில் எனக்கும் அவருக்கும் வேறுபாடு உண்டு. கிளிங்பெர்க்கை நான் எடுத்திருக்க மாட்டேன், அவர் இடுப்பைப் பற்றிய கவலை எனக்கு அதிகம்.

இனி கோட்டுக்கு வலப்பக்கம் வாருங்கள். 2027-28க்கு லீக்கும் வீரர் சங்கமும் சொல்லியிருக்கும் உச்சவரம்பு 11.35 கோடி டாலர். அதை அந்தப் பத்தியின் தலையில் எழுதுங்கள். ஹெர்ட்டல் பங்கையும் டொஃபோலியையும் கழியுங்கள். பிறகு செலிப்ரினியின் வரிக்கு நேராக உள்ள வெற்றுக் கட்டத்தில் நீங்கள் நினைக்கும் தொகையை எழுதுங்கள், ஸ்மித்துக்கு அடுத்ததாக.