மழையில் சரளைப் பாதை: பெங்களூரு புது ரைடர்களுக்கு

ஹிமாலயன், எக்ஸ்பல்ஸ் மாதிரி கரடுமுரடான பாதைக்கான பைக் வாங்கிய கையோடு லடாக் மேப்பைத் திறக்கிறவர்கள் நம்மிடம் அதிகம். அதற்கு முன் ஒரு மழைக்காலம் முழுக்க மாகடி, சாவன்துர்கா பக்கக் கிராமச் சாலைகளில் ஓட்டிப் பழகுங்கள். பெங்களூருவில் மே மாதத்திலேயே மழை பிடித்துவிடும், செப்டம்பரில்தான் அதிகம். பழக இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

1. வண்டியைத் தயார் செய்வது

தார் ரோடு முடியும் இடத்தில் நிறுத்தி, கம்பெனி சொல்லும் அளவிலிருந்து 4, 5 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) டயர் காற்றைக் குறையுங்கள். டியூப் டயராக இருந்தால் அதற்கு மேல் குறைக்க வேண்டாம். கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் நசுங்கிப் பங்க்சர் ஆகும். பின் சக்கர ஏபிஎஸ்ஸை (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) அணைக்கும் வசதி இருந்தாலும், புதியவர்கள் அதில் கைவைக்காமல் இருப்பதே நல்லது என்பேன்.

2. எழுந்து நிற்பது

இதைக் காலியான மைதானத்தில் பழகிவிட்டு வாருங்கள். பாதத்தின் முன்பகுதி ஃபுட்பெக்கில் (கால் வைக்கும் கட்டை), முழங்கால்கள் லேசாக மடங்கி டேங்கை அணைத்தபடி, முழங்கைகள் வெளிப்பக்கம். ஹேண்டிலைத் தளர்வாகப் பிடிக்க வேண்டும். சரளையில் முன்சக்கரம் இங்குமங்கும் ஆடத்தான் செய்யும், வேகம் இருக்கும்வரை அதுவே நேராகிக்கொள்ளும். பயத்தில் கையை இறுக்கும்போதுதான் விழுகிறோம். கண் முன்சக்கரத்தில் வேண்டாம், தூரத்தில் இருக்கட்டும்.

3. தரையைப் படிப்பது

நிறைய நேரம் செலவழிக்க வேண்டியது இதில்தான். பலரும் ஈரச் சரளைக்குப் பயப்படுகிறார்கள். உண்மையில் லேசாக நனைந்த சரளை, காய்ந்து உருளும் சரளையைவிட நன்றாகப் பிடிக்கும், ஏனென்றால் ஈரம் பொடிமண்ணையும் கல்லையும் சேர்த்து இறுக்கிவிடுகிறது. ஆபத்து செம்மண்ணில்தான் இருக்கிறது. சிவப்பாகப் பளபளக்கும் இடம் தெரிந்தால் அது எண்ணெய் தடவிய தோசைக்கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பிரேக்கும் வேண்டாம், திருப்பவும் வேண்டாம், ஒரே சீரான ஆக்சிலரேட்டரில் நேராகக் கடந்துவிடுங்கள்.

சாம்பல் நிறத்தில் கல் தெரிகிறதா, அதில் ஏறுங்கள். டிராக்டர் போன தடம் பெரும்பாலும் இறுகியிருக்கும். ஆனால் ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது நடுமேட்டை உரசியபடி போகாமல், கொஞ்சம் குறுக்காக வெட்டி ஏறுங்கள். ஏரிக்கரைப் பாதையில் ஓரத்துக்குப் போகவே கூடாது, நனைந்த கரை சரியும். தைலமரத் தோப்புகளில் விழுந்து நனைந்த இலையும் வழுக்கும்.

4. பிரேக், கிளட்ச், வளைவு

பெரும்பாலும் இரண்டாவது கியர். வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிடுங்கள்: பின் பிரேக் முதலில், முன் பிரேக் இரண்டு விரலால் மெதுவாக. வளைவுக்குள் வெளிப்பக்கக் காலில் எடையைப் போட்டு, உடம்பை நிமிர்த்தி வைத்து வண்டியை மட்டும் சாய்க்கவும். பின்சக்கரம் வழுக்கினால் ஆக்சிலரேட்டரைப் பட்டென்று விடாதீர்கள். இறக்கத்தில் கிளட்சைப் பிடிக்காமல் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கட்டும்.

5. தண்ணீர்

அடி தெரியாத குட்டையில் இறங்காதீர்கள். நடந்து பாருங்கள், இல்லை டிராக்டரோ பஸ்ஸோ போகும்வரை காத்திருங்கள். இறங்கினால் நடுவில் நிற்கக் கூடாது. தண்ணீர் ஏர் ஃபில்டர் வரை ஏறி எஞ்சின் அணைந்துவிட்டால் செல்ஃப் ஸ்டார்ட்டை அழுத்தாமல் தள்ளி வெளியே கொண்டுவாருங்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளைந்துவிடும்.

6. விழுந்தால்

எல்லோரும் விழுவார்கள். முதலில் எஞ்சினை அணையுங்கள். ஹிமாலயன் 450 எடை 196 கிலோ, குனிந்து தூக்கினால் முதுகு போய்விடும். வலப்பக்கம் விழுந்திருந்தால் தூக்கும் முன்பே சைடு ஸ்டாண்டை இறக்கிக் கியரில் போடுங்கள். பிறகு சீட்டுக்கு முதுகைக் கொடுத்து, ஒரு கையில் ஹேண்டில், மறு கையில் பின் கம்பி பிடித்து, காலால் பின்னோக்கித் தள்ளி எழுப்புங்கள்.

கனகபுரா தாண்டி, அர்க்காவதி காவிரியில் சேரும் சங்கமம் பக்கம் போகிறவர்கள் மாலைக்குள் திரும்பிவிடுங்கள். யானை நடமாட்டம் உள்ள காடு அது. தார் ரோட்டுக்கு வந்ததும் காற்றை நிரப்பிக்கொள்ளுங்கள், சேறு ஒட்டிய டயர் சுத்தமாகும்வரை மெதுவாகவே போங்கள். அப்புறம் வீட்டில் செயினைக் கழுவிக் காயவைத்து அன்றே செயின் லூப் (மசகு எண்ணெய்) போட்டுவிடுங்கள், மறுநாளைக்குத் தள்ளினால் துரு பிடிக்க ஆரம்பித்துவிடும்.