உருளை ரோலர் பேரிங்: வகையைக் கண்டுபிடிப்பது, சரியாக மாட்டுவது

பால் பேரிங்கில் குண்டு ஒரு புள்ளியில்தான் தொடும், உருளை ரோலரோ தன் நீளம் முழுக்கப் படிந்து உருளும். அதனால் அதே அளவில் குறுக்குப் பாரத்தை இன்னும் அதிகமாகத் தாங்கும். பெரிய மோட்டார், கியர்பாக்ஸ், உருட்டாலை எல்லாவற்றிலும் இது இருப்பதற்குக் காரணம் அதுதான்.

முதலில் பேரிங்கைக் கையில் எடுத்து, ரோலரை நகராமல் பிடிக்கும் விளிம்பு உள் வளையத்தில் (இன்னர்) இருக்கிறதா, வெளி வளையத்தில் (அவுட்டர்) இருக்கிறதா என்று பாருங்கள். அவுட்டரில் இரண்டு பக்கமும் விளிம்பு, இன்னர் மொட்டையாக இருந்தால் அது என்யூ (NU) வகை. இன்னர் தனியாக உருவி வரும், ஷாஃப்ட் இரண்டு திசையிலும் நகரலாம். இன்னரில் இரண்டு பக்கமும் விளிம்பு, அவுட்டர் மொட்டை என்றால் என் (N) வகை. என்யூ மாதிரியே இருந்து இன்னரில் ஒரு பக்கம் மட்டும் விளிம்பு என்றால் என்ஜே (NJ), ஷாஃப்ட் நகர்வதை ஒரு திசையில் தடுக்கும். அதோடு தனி விளிம்பு வளையம் ஒன்றும் சேர்ந்தால் என்யூபி (NUP), இரண்டு திசையிலும் தடுக்கும்.

ஷாஃப்ட் ஏன் நகர வேண்டும்? ஒரு மீட்டர் எஃகு ஷாஃப்ட் 40 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் நீளும். இரண்டு முனையையும் பிடித்துக் கட்டிவிட்டால் அந்த நீட்சி பேரிங்கைத்தான் நெருக்கும். அதனால்தான் பெல்ட் ஓட்டும் பெரிய மோட்டார்களில் பெல்ட் பக்கம் என்யூ, மறுபக்கம் ஷாஃப்ட்டைப் பிடித்துக்கொள்ள பால் பேரிங் என்று போடுகிறார்கள்.

அடுத்து பேரிங்கில் பொறித்திருக்கும் எண். என்யூ 206-இல் கடைசி இரண்டு இலக்கத்தை 5-ஆல் பெருக்குங்கள், உள்விட்டம் 30 மி.மீ. (இந்தக் கணக்கு 04-இலிருந்துதான்). எண்ணோடு சி3 (C3) என்று இருந்தால் ரோலருக்கும் வளையங்களுக்கும் நடுவே உள்ள உள் இடைவெளி வழக்கத்தைவிட அதிகம், பழையதில் அது இருந்தால் புதியதையும் அப்படியே வாங்குங்கள்.

மாட்டும்போது இன்னரை ஹீட்டரில் சூடாக்கி ஷாஃப்ட்டில் ஏற்றுங்கள். 120 டிகிரியைத் தாண்ட வேண்டாம், நெருப்பை நேராகக் காட்டவே கூடாது. ரோலரோடு இருக்கும் அவுட்டரை ஹவுசிங்கில் (பேரிங் உட்காரும் கூட்டில்) அழுத்துங்கள். அப்புறம் இரண்டையும் சேர்க்கிற இடத்தில்தான் பொறுமை வேண்டும்: ரோலரில் கிரீஸ் தடவி, ஷாஃப்ட்டைக் கோணாமல் தாங்கிப் பிடித்து, மெதுவாகச் சுற்றிக்கொண்டே உள்ளே விடுங்கள். நேராகத் தள்ளினால் இன்னர் பாதையில் ரோலர் இடைவெளிக்கு ஒன்றாக நீளக் கீறல் விழும், பின்னாளில் சத்தமும் உதிர்வும் அங்கேதான் ஆரம்பிக்கும்.

இன்னொன்று, ரோலர் உருள ஓரளவு பாரம் வேண்டும், இல்லாவிட்டால் சறுக்கித் தேயும். பெல்ட்டை எடுத்துவிட்டு அதே மோட்டாரைக் கப்ளிங்கில் (இரண்டு ஷாஃப்ட்டை நேருக்கு நேர் இணைக்கும் இணைப்பில்) இணைக்கப் போகிறீர்கள் என்றால், என்யூ அங்கே பொருந்துமா என்று மோட்டாரின் கையேட்டை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.